தேநீர் போடும் நேரம்

“ஒரு செயல் எவ்வளவு நேரம் நடந்ததுன்னு மட்டும் எனக்குக் கொரிய மொழியில சொல்ல வரல, டீச்சர்” என்றார் வைத்திலிங்கம்.

மாணவர், ஓய்வு பெற்ற ரயில் நிலைய அதிகாரி. ஆசிரியை நஸ்ரினுக்கு அவருடைய மகளின் வயது. அம்பத்தூரில் தம் வீட்டுக் கூடத்திலேயே நஸ்ரின் கொரிய மொழி கற்பித்து வந்தார்.

“எந்தச் செயல், சார்?”

“ஏதாவது ஒரு செயல்.”

“ஏதாவது ஒரு செயலுக்கு நேரம் ஏது?”

வைத்திலிங்கம் சிரிக்கவில்லை.

“வந்தேன்னு சொல்லிடறேன். போனேன்னு சொல்லிடறேன். வந்ததுக்கும் போனதுக்கும் நடுவுல இருந்தது வாயில வரமாட்டேங்குது. ‘சாப்பிடும்போது’, ‘மழை விடுற வரைக்கும்’, ‘காலையெல்லாம்’. விதி அத்தனையும் மனப்பாடம். வாயைத் திறந்தா எதை எங்கே ஒட்டணும்னு நின்னுடறேன்.”

“நின்னா என்ன சார்?”

“அடுத்த வாரம் பொண்ணுக்கு வளைகாப்பு. கொரியாவுல இருந்து சம்பந்தி வர்றார். கல்யாணப் பந்தியில பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்தோம். இலை எடுக்கிற வரைக்கும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். தாடை வலிச்சுப்போச்சு. இந்தத் தடவையும் அப்படியே அனுப்பி வச்சா, அவர் எனக்கு உறவா, இல்ல வழிப்போக்கரா?”

நஸ்ரின் சற்று யோசித்தார்.

“வேலையில இருந்தப்போ எத்தனையோ வண்டிக்குக் கொடி காட்டியிருப்பீங்க.”

“காட்டியிருக்கேன்.”

“இந்த மொழியிலயும் கொடியை வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறீங்க. ஏறலை.”

“ஏறினா விழுந்துடுவேனே, டீச்சர்.”

நஸ்ரின் கையை நீட்டினார். “உங்க போனைக் கொடுங்க.”

கொடுத்தார். அவர் தடுக்குமுன் சம்பந்திக்கு வீடியோ அழைப்புப் போய்விட்டது. தண்ணீர்ச் செம்பின்மீது போனைச் சாய்த்து வைத்துவிட்டு நஸ்ரின் எழுந்தார்.

“டீ போடப் போறேன். நான் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருங்க.”

“என்ன பேசறது?”

அடுக்களைக் கதவு சாத்தப்பட்டது.

திரையில் சம்பந்தி பாக் தோன்றினார். வைக்கோல் தொப்பி அணிந்து, தம் பேரிக்காய்த் தோட்டத்தில் நின்றிருந்தார். வைத்திலிங்கம் சிரித்தார். பாக் சிரித்தார். மீண்டும் இருவரும் சிரித்தனர்.

தாடை வலிக்கத் தொடங்கியது.

பாக்கின் தலைக்குமேல், கிளையெங்கும் காய்கள் காகித உறைக்குள் தொங்கின. காகிதம் என்னும் சொல் வைத்திலிங்கத்திற்குத் தெரியும்.

“காகிதம். ஏன்?” என்று கொரிய மொழியில் கேட்டார்.

பாக்கின் முகம் மலர்ந்தது. பழுக்கும்வரை அது உறைக்குள்ளேயே இருக்கும் என்றார். பூச்சி வரும், பறவை வரும் என்று சொல்லிக் கையாலேயே பறந்து காட்டினார்.

“எங்கள் வீட்டு மாடியில் மாதுளைச் செடி. துணி கட்டினேன். ஆனால்...”

அணிலுக்குக் கொரியச் சொல் தெரியவில்லை. முன்பற்களை வெளியே காட்டி, இரு கைகளையும் வாயருகே குவித்துக் கொறித்தார் முன்னாள் நிலைய அதிகாரி.

பாக் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த போன் குலுங்கியது. திரையில் வானமும் மரமும் தொப்பியும் மாறி மாறி வந்தன.

“விரட்டவில்லையா?”

“அது தின்னும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். தின்று முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகுதான் விரட்டுவேன்.”

“என் மனைவி என்னை விரட்டுவதும் அப்படித்தான்” என்றார் பாக்.

தேநீருடன் வந்த நஸ்ரின், கூடத்து வாசலில் நின்றார். வைத்திலிங்கம் திரும்பவில்லை. அப்போது அவர் ஒரு மனிதரைத் துரத்தும் மனைவியாக மாறியிருந்தார்.

நஸ்ரின் அடுக்களைக்குத் திரும்பி இரண்டு தேநீரையும் தாமே குடித்தார். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். அரிசி களைந்து உலையிலிட்டார். சோறு வெந்தது, வடித்தார்.

கூடத்தில் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை.

ரசம் நுரை கூட்டியபோதுதான் விடைபெறும் குரல் கேட்டது. நஸ்ரின் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

வைத்திலிங்கம் கண்ணோரத்தைத் துடைத்தபடி நிமிர்ந்தார். அங்கே நின்றிருந்தவரைப் பார்த்து வியந்தார்.

“டீ போடப் போறேன்னீங்களே, டீச்சர். இன்னும் போகலையா?”