கேபிள் ஒயரை அறுத்தவன்

"டீச்சர், நீங்க என்னை ஏமாத்திட்டீங்க," என்றான் இசக்கிமுத்து.

உமையாள் டீச்சர் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உட்காருங்க அண்ணாச்சி. அப்படி என்ன ஏமாத்தினேன்?"

அவள் அவனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் கோயில் கொடைத் திருவிழாவில் பட்டிமன்றம் என்றால் அவள் பேச்சுக்குத்தான் கூட்டம் கூடும். தானும் மேடையேறிப் பேச வேண்டும் என்று அவளிடம் சிஷ்யனாகச் சேர்ந்திருந்தான் அவன். பகலில் டயர் கடை. சாயங்காலம் டீச்சர் வீடு.

யார் நன்றாகப் பேசினாலும் அவன் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான். சினிமாப் பாட்டு தமிழைக் கெடுக்குது என்று ஒருத்தர் பேசினார். கடையில் ரேடியோவை நிறுத்திவிட்டான். சினிமாப் பாட்டுதான் தமிழை வளர்க்குது என்று இன்னொருத்தர் பேசினார். பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்தான்.

"அம்மன் கோயில் கொடையில என்ன பேசினீங்க? டி.வி. சீரியல் குடும்பத்தைக் கெடுக்குதுன்னு. ஊரான் வீட்டுச் சண்டையைக் கூட்டிவந்து நம்ம நடுவீட்டுல உட்கார வைக்குதுன்னு."

"பேசினேன்."

"எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நேரா வீட்டுக்குப் போய்க் கேபிள் ஒயரை அறுத்துட்டேன்."

டீச்சர் நிமிர்ந்தாள்.

"அறுத்துட்டீங்களா?"

"அரிவாள்மணையில வச்சு. அப்புறம் பக்கத்து ஊர்ல என்ன பேசினீங்க? சீரியல் குடும்பத்தை வாழ வைக்குதுன்னு. நாள் பூரா நாலு சுவத்துக்குள்ள கிடந்து உழைக்கிறவளுக்கு அந்த அரை மணி நேரம்தான் சொந்தம், அதையும் பிடுங்குறவன் ஒரு மனுஷனான்னு கேட்டீங்க. சனம் கை தட்டுச்சு. நானும் தட்டினேன். தட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் தெரிஞ்சுது, அந்த மனுஷன் நான்தான்னு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இங்கே நடுவர் எனக்குக் கெடுக்குதுங்கிற அணியைக் கொடுத்தார். அங்கே வாழ வைக்குதுங்கிற அணி. கொடுத்த பக்கத்தைப் பேசுறதுதானே பட்டிமன்றம்? மேடையில அடிச்சுக்குவோம். இறங்கினா எல்லாரும் ஒரே வேன்ல ஏறிப் பரோட்டா சாப்பிடப் போவோம்."

"அது எனக்குத் தெரியலையே. அவ்வளவு உண்மையா பேசினீங்களே."

"மதினி என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமா இருக்கு. அறுத்த அன்னைக்கிலிருந்து என்கிட்ட பேச்சே இல்ல. சோறு வைக்கிறா, தண்ணி வைக்கிறா, அவ்வளவுதான். அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கா. பையில துணி எடுத்து வச்சாச்சு. எப்போ வருவேன்னு சொல்லல. வருவேன்னே சொல்லல டீச்சர்."

டீச்சரின் சிரிப்பு போய்விட்டது. முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"சரி, இப்போ சொல்லுங்க. சீரியல் நல்லதா, கெட்டதா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"கெட்டது. மாமியாரையும் மருமகளையும் எதிரியாவே காட்டுது."

"அதானே! அதைத்தான் நானும்..."

"நல்லது. அடி வாங்குறவ போலீஸ் ஸ்டேஷன் படியேறலாம்னு அதைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் தெரிஞ்சுக்கிட்டாங்க."

"ஆமா, அதுவும் சரிதானே."

சொன்னவன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.



"கேபிள்காரரைக் கூப்பிட்டு ஒயரைச் சேருங்க. ஒரு வாரத்துக்கு உங்களுக்கு வகுப்பு கிடையாது. ஆறரை மணிக்கு மதினி பக்கத்துல போய் உட்காருங்க. நல்லதுன்னும் சொல்லாதீங்க, கெட்டதுன்னும் சொல்லாதீங்க. வாயே திறக்கக் கூடாது."

"பேசப் படிக்க வந்தவனைப் பேசாதேங்கிறீங்களே!"

"ஆமா."

கேபிள்காரர் வந்தார். படம் வந்தது. அவன் மனைவி செண்பகம் அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை. பையைப் பிரிக்கவும் இல்லை.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கடை திறக்கும் முன்னே டீச்சர் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"டீச்சர், மோதிரத்தைத் திருடினது மூத்த மருமக இல்ல! கொழுந்தன்! பார்க்கிற நமக்கெல்லாம் தெரியுது, அந்த வீட்டுக்காரனுக்குத் தெரியல. என்ன ஆளு அவன்? எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நீங்க முதல்ல பேசினதுதான் சரி. இது மனுஷனைக் கெடுத்துரும்."

"நான் உங்களை எங்கே உட்காரச் சொன்னேன்?"

"அவ பக்கத்துல."

"உட்கார்ந்தீங்களா?"

"உட்கார்ந்தேனே."

"உட்கார்ந்து எதைப் பார்த்தீங்க?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்குப் போனான்.

சனிக்கிழமை காலையில் மறுபடி வந்தான். இந்தத் தடவை ஓடி வரவில்லை. டீச்சர் சொல்லாமலே ஒரு ஓரமாக உட்கார்ந்தான்.

"அவ அழுறா டீச்சர்."

"சீரியல் பார்த்தா அழுகை வரத்தானே செய்யும்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். கேலிகூடப் பண்ணியிருக்கேன். எங்கம்மாவும் சிரிக்கும், யாரோ நடிக்கிறதுக்கு என் மருமக அழுறா பாருன்னு. நேத்து அந்த மூத்த மருமகளை வீட்டைவிட்டு அனுப்பினாங்க. இவ அழுதா. உடனே விளம்பரம் போட்டுட்டான்."

"ம்."

"சோப்புத்தூள் விளம்பரம். ஒரு பொம்பளை சிரிச்சுக்கிட்டே சேத்துச் சட்டையைத் துவைக்கிறா."

"ம்."

"அதுக்கும் அழுதா."



"அடுத்து பெயின்ட் விளம்பரம். அதுக்கும் அழுதா. சத்தமே வரல. முந்தானை மட்டும் நனைஞ்சுபோச்சு."

 தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"ஐப்பசியில எங்களுக்குப் பிள்ளை பிறந்து தங்கலேல்ல. அப்போ எல்லாரும் அவளை அழாதே அழாதேன்னுதான் சொன்னோம். அடுத்தது பிறக்கும், அழாதேன்னு நானும் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டா ஆகாதுன்னு எங்கம்மா சொல்லிச்சு. அவளும் நிப்பாட்டிட்டா. என் பொண்டாட்டி சீக்கிரம் மனசைத் தேத்திக்கிட்டான்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொன்னேன் டீச்சர். பெருமையா சொன்னேன். சீரியலுக்கு அழுதா மட்டும் எங்கம்மா திட்டாது..."



"பிள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டாள் டீச்சர்.

"பேரு வைக்கிறதுக்குள்ளதான் போயிருச்சே."

"மதினியும் வைக்கலையா?"

இசக்கிமுத்து அவள் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சீரியல் கிடையாது.

டி.வி. அணைந்து கிடந்தது. செண்பகம் அதன் எதிரே உட்கார்ந்து கொடியில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவனுடையதைக் கட்டில்மேல் வைத்தாள். தன்னுடையதைப் பைக்குள் வைத்தாள்.

"காலையில முதல் பஸ்ஸுக்குப் போறேன்," என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மேடையில் என்னென்னவோ பேசப் படித்திருந்தான். ஒன்றும் வாயில் வரவில்லை.

"செண்பகம்."

"ம்."

"நீ என்ன பேரு நினைச்சிருந்தே?"

என்ன பேரு, யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அவன் சட்டை ஒன்று பாதி மடித்தபடி மடியில் கிடந்தது. அதன் பித்தானைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஒரு பேரைச் சொன்னாள். தினமும் கூப்பிட்டுப் பழகின பேர் மாதிரி, தடங்கல் இல்லாமல் வந்தது.

அவன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பாதியில் அழுதுவிட்டான். மீதியை அவள்தான் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் அழுகை உடைந்துவிட்டது.

சாமி படத்துக்கு முன்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"யாருட்டி அது, விளக்கு வைக்கிற நேரத்துல அழுறது?"

செண்பகம் அவசரமாக முந்தானையை எடுத்து வாயில் அமுக்கினாள்.

அவன் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினான்.

"நான்தாம்மா," என்றான்.