நாலு மூலைக் குரல்

கோட்டைக்குத் தண்ணீர் சுமக்கிற இருளாயிக்குப் பைத்தியம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

விடிந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வடக்கு மதிலில் ஏறுவாள். கையை வாயருகே குவித்துக்கொண்டு பேர் பேராகக் கூப்பிடுவாள். மொத்தம் இருபத்திமூன்று பேர்கள். ஒவ்வொரு பேருக்கும் பிறகு காதைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். எல்லாம் முடிந்ததும் இறங்கி வந்து குடத்தைத் தூக்குவாள்.

அது பைத்தியம் இல்லை என்று தாண்டவராயனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மூன்று வருஷமாக அவன் அந்த மதில் பக்கமே போகவில்லை.

தாண்டவராயன் பெரிய படிப்பாளி. கடல் தாண்டிப் போய்ப் படித்தவன். மழை பொய்த்த சீமைக்காக ஒரு வெடிமருந்து கண்டுபிடித்தான். ஆறு மாதம் உளி வைத்துக் கொத்த வேண்டிய பாறையை அந்த மருந்து ஒரே சத்தத்தில் பிளந்துவிடும். அடியில் இருக்கிற தண்ணீர் தானாக மேலே வரும்.

மருந்தை எடுத்துக்கொண்டு முதன்முதலாக ஒரு கிணற்றுக்குப் போனான். அங்கே கிணறு வெட்டுகிற கூட்டத்துக்குத் தலைவி இருளாயி. அவனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள்.

"பொடி உன்னுது தம்பி. ஆனா திரி என்னுது. அதை நான் சொல்ற மாதிரிதான் கொளுத்தணும்" என்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். பாறைக் குழியில் மருந்தை இடித்து அடைத்த பிறகு, கொளுத்தப் போகிறவர் கிணற்று மேட்டில் நாலு மூலைக்கும் நடக்க வேண்டும். அந்தக் காட்டில் யார் யார் வேலை செய்கிறார்களோ அவர்கள் அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒவ்வொருவரும் குரல் கொடுக்க வேண்டும். கடைசிக் குரல் வந்த பிறகுதான் கீழே இறங்கித் திரியில் நெருப்பு வைக்கலாம்.

ஒருநாள் சோணை என்பவன் குரல் மட்டும் வரவில்லை. இருளாயி கூப்பிட்டாள், நின்றாள், மறுபடியும் கூப்பிட்டாள். பாதிப் பகல் போய்விட்டது. கிணற்றுச் சொந்தக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தாமதம்? கொளுத்தித் தொலையேன்!"

"இன்னும் ஒரு பதில் வரலைங்க."

"அவன் எங்கேயாவது போயிருப்பான்."

"போயிருந்தா போயிட்டேன்னு சொல்லட்டும்."

தாண்டவராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொழுது சாயும்போது ஆமணக்குச் செடிக்குப் பின்னாலிருந்து சோணை எழுந்து வந்தான். "காலையில பொண்டாட்டி சோறு போடலை. அந்தக் கோபத்துல யாருக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றான். காடே சிரித்தது. இருளாயியும் சிரித்துக்கொண்டேதான் கிணற்றுக்குள் இறங்கினாள்.

அதெல்லாம் அரசன் காதுக்குப் போகிற வரைக்கும்தான்.

"பாறை பிளக்கும் என்றால் ஊர் பிளக்காதா?" என்று கேட்டான் அரசன். அவன் கேட்டால் கேள்வி இல்லை, கட்டளை. படைவீரர்கள் வந்து இரண்டு பேரையும் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள்.

முதலில் இருளாயியை அரசன் முன்னால் நிறுத்தினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்மடை என்று ஒரு ஊர். இரண்டு வருஷமாக வரி கட்டாத ஊர். அதன்மேல் மருந்து அடைத்த வெடிக்குடம் எறிய வேண்டும். அதற்குத் திரி அறிந்த கை ஒன்று வேண்டும்.

"செய்றேங்க" என்றாள் இருளாயி. "அந்த ஊர்ல இருக்கிறவங்க பேரையெல்லாம் சொல்லுங்க. கூப்பிட்டுப் பார்க்கிறேன். எல்லாரும் பதில் சொன்ன பிறகு கொளுத்தறேன்."

அரசன் சிரிக்கக்கூட இல்லை. மறுநாள் இருளாயியின் குடியிருப்பில் கதவுகளை வெளியே தாழிட்டுத் தீ வைத்தார்கள். உள்ளே இருபத்திமூன்று பேர். அவளை மட்டும் கொல்லவில்லை. தண்ணீர் சுமக்க விட்டார்கள், பார்க்கிறவர்கள் பார்த்துப் பாடம் படிக்கட்டும் என்று.

அடுத்தது தாண்டவராயன். அவன் மனைவி கோமுவையும் மகள் பவளத்தையும் அரண்மனைக்குள் ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"செய்கிறேன்" என்றான்.

சொல்லிவிட்டானே தவிர மனசுக்குள் வேறு கணக்கு. மூன்று வருஷம் வேலையை இழுத்தான். இனி இழுக்க முடியாது என்றானதும், ஒரு சாயங்காலம் யாரும் இல்லாதபோது மருந்துமேல் தண்ணீர் தெளித்துவிட்டான். நனைந்த மருந்து புகையும், வெடிக்காது. அரசன் திட்டுவான், மறுபடி செய் என்பான். இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம்.

மறுநாள் முழுக்க அரசன் அவனைச் சபையில் உட்கார வைத்திருந்தான். அதற்கு அடுத்த நாள் வெடிக்குடத்தைக் கொளுத்திக் கவண்பொறியில் வைத்து எறிந்தார்கள். தாண்டவராயன் காவல் கோபுரத்தின்மேல் நிம்மதியாகத்தான் நின்றிருந்தான்.

கல்மடை மேலே எழுந்தது. கூரை, மரம், மாடு எல்லாம் ஒன்றாக எழுந்தது. பிறகு மண்ணாகக் கீழே வந்தது.

மருந்துப் பட்டறை மேஸ்திரி மாசிலாமணி பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான். "ஐயா, நேத்து மருந்தைக் கிள்ளிப் பார்த்தேன், விரல்ல ஒட்டுச்சு. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே வெயில்ல பரப்பிக் கிளறிக் கிளறிக் காய வச்சோம். நாங்க கவனிக்காம விட்டிருந்தா உங்க பேரு கெட்டுப் போயிருக்கும்!"

ஒட்டுகிற மருந்தைக் குடத்தில் போடாதே என்று மூன்று வருஷமாக அவர்களுக்குப் பாடம் சொன்னவன் அவன்தான்.

அரசன் அவன் தோளில் பட்டுச் சால்வை போர்த்தினான். அடுத்த குடம் ஆவாரங்குளம் என்கிற ஊருக்கு என்றான். ஐந்து மடங்கு பெரிய குடம். இந்த முறை திரியைத் தாண்டவராயனே தன் கையால் கொளுத்த வேண்டும். மூன்றாவது முரசுக்குள் நெருப்பு வைக்கவில்லை என்றால் அரண்மனை அறையில் இருக்கிற இரண்டு பேரும் இருக்கமாட்டார்கள்.

அந்த நாளும் வந்தது. விடிந்ததும் தாண்டவராயன் வடக்கு மதிலில் ஏறினான்.

இருளாயி இருபத்திமூன்றாவது பேரைக் கூப்பிட்டு முடித்து நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"வா தம்பி. ரொம்ப மூச்சு வாங்குதே. சால்வை கனமோ?"

அவன் சால்வையை எடுத்துக் கீழே போட்டான்.

"இன்னைக்கு ஆவாரங்குளம் அக்கா. என் கையாலேயே கொளுத்தணுமாம்."

"கேள்விப்பட்டேன்."

"நீ மாட்டேன்னு சொன்னே. இருபத்திமூணு பேர் போனாங்க. நான் சரின்னு சொன்னேன். ஒரு ஊரே போச்சு. இதுல எது அக்கா சரி?"

"தெரிஞ்சா நான் ஏன் தினம் இங்கே ஏறி நிக்கிறேன்?"

"மாட்டேன்னு சொன்னோமேன்னு நினைச்சு அழுதிருக்கியா?"

"ஏழாவது பேரு என் மகன் பேரு. அங்கே வரும்போது இன்னொரு தடவை கூப்பிடத் தோணும். எட்டாவது ஆளு காத்துக்கிட்டு இருப்பாளேன்னு அடுத்த பேருக்குப் போயிடுவேன்."



"அப்போ உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"வித்தியாசம் இருக்குன்னு நான் சொன்னேனா?"

பிறகு இருளாயி அவன் தோளைப் பிடித்து ஆற்றுப் பக்கமாகத் திருப்பினாள். அந்தக் கரையில் கல்மடை இருந்த இடம் அடுப்படி மாதிரிக் கருகிக் கிடந்தது.

"கூப்பிடு."

"யாரை?"

"கூப்பிடாமலே வெடி வச்சுட்டே. இப்பவாவது கூப்பிடு."

"அங்கே யார் பேரும் எனக்குத் தெரியாது அக்கா."

"ஒரு பேருகூடவா?"

அவன் யோசித்தான். மருந்து சலிக்கிற சல்லடை கல்மடையில் வாங்கியது. கட்டிக் கொடுத்தவள் ஒரு நெட்டையான பொம்பளை. கிழிஞ்சா கொண்டு வாங்க, சும்மாவே கட்டித் தர்றேன் என்று சொல்லியிருந்தாள். சல்லடை கிழியவே இல்லை. வெடிக்குடத்துக்கான மருந்தையும் அதில்தான் சலித்தான்.

"குருவம்மா" என்றான்.

"என்கிட்ட சொல்லாதே. அங்கே பார்த்துக் கூப்பிடு."

அவன் கையைக் குவித்தான்.

"குருவம்மா...!"

ஆற்றோரம் இரண்டு கொக்குகள் எழுந்து பறந்தன. வேறொன்றும் இல்லை. இருளாயி காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவனும் நின்றான். மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் நின்றார்கள். வெயில் மதிலில் ஏறியது.

கீழே சமையல்கட்டுக் காவல்காரன் கத்தினான். "ஏ பைத்தியம்! அண்டா காலியாக் கெடக்கு. கூவினது போதும், இறங்கு!"

அவள் அசையவில்லை.

முதல் முரசு அடித்தது.

தாண்டவராயன் அரண்மனை ஜன்னல்களைப் பார்த்தான். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. எந்த ஜன்னலுக்குப் பின்னால் பவளம் இருக்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

"நான் கொளுத்தலைன்னா நாளைக்கு இங்கே நின்னு என் மகள் பேரையும் கூப்பிடணும் அக்கா."

அவள் ஆறுதல் சொல்வாள் என்று ஒரு நொடி நினைத்தான்.

"கூப்பிடணும்" என்றாள் இருளாயி.

இரண்டாவது முரசு.

படிக்கட்டின் அடியில் மாசிலாமணி வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். "ஐயா! அங்கே என்ன பண்றீங்க? எல்லாம் தயார். மருந்தை ரெண்டு தடவை கிள்ளிப் பார்த்துட்டேன், பொட்டு ஈரம் இல்லை. அரசர் வந்து உட்கார்ந்தாச்சு. என்ன தாமதம்னு கேட்கிறாரு!"

முரசுக்காரன் மூன்றாவது தடவைக்குக் கோலை ஓங்குவது மதில்மேலிருந்து தெரிந்தது.

"அக்கா, தாமதம் ஏன்னு கேட்கிறாங்க. நான் என்ன சொல்ல?"

இருளாயி ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு பதில் வரலைன்னு சொல்லு."