பவளக்கொடி பிடிச்ச பிடி

ஒரு ஊர்ல ஒரு பவளக்கொடி இருந்தா. பட்டுப்புடவைக் கடையில வேலை. ம் சொல்லு! சொல்லாட்டி நிறுத்திடுவேன்.

“ம்.”

அவளுக்கு எடை தூக்குறதுன்னா உயிரு. ஆனா கை காய்ச்சு சொரசொரன்னு ஆயிட்டா பட்டு இழை மாட்டிக்கும்ல? அதனால ஜிம்முல எப்பவும் கிளவுஸ் போட்டுத்தான் தூக்குவா. புடவை பத்திரமா இருந்துச்சு. பிடிதான் வளரவே இல்ல.

அப்போ ஜிம் ஓனர் சிங்காரவேலு, “சாயங்காலம் பொம்பளைங்களுக்குன்னு ஒரு மணி நேரம் எதுக்கு? நிறுத்தப்போறேன்”ன்னாரு. என்ன திமிர் பாரு!

பவளக்கொடிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. “வரப்போற எடைதூக்குற போட்டியில நான் நூறு கிலோ தூக்கினா?”

“தூக்கு. அப்போ அந்த நேரம் உங்களுக்கே.”

அப்புறம் போட்டி நாளும் வந்துச்சு. மேடையில கம்பி, ரெண்டு பக்கமும் இரும்புத் தட்டு. கம்பியைத் தொடை வரைக்கும் தூக்கி நிமிர்ந்து நிக்கணும், அதுக்கு மூணு வாய்ப்பு. இவ ஜம்முன்னு கிளவுஸோட போய் நின்னா. நடுவர் அம்மா, “கழட்டும்மா, இங்க வெறுங்கைதான்”ன்னுட்டாங்க. விதியைக் கேட்டுக்காமலே வந்திருக்கா, மக்கு!

கழட்டினா. தூக்கினா. முழங்கால் வரைக்கும் வந்துச்சு, விரல் விரிஞ்சுது. தடால்!

தூங்கிட்டியா?

“ம்ஹூம்.”

அப்புறம் கம்பி தொடையில வழுக்கிட்டு ஏறணும்னு அவசர அவசரமா முகப்பவுடரை எடுத்துத் தொடையில பூசினா. எந்தக் கையால? கம்பியைப் பிடிக்கப்போற அதே கையால! அது மேலயே, பிடி வழுக்காம இருக்கப் பூசுற சாக்பொடியையும் தேய்ச்சா நிக்குமா? சர்ர்ர்... தடால்!

சிங்காரவேலு சிரிச்சாரு. ஜிம்முல கூட வர்ற தவமணிக்கு அழுகையே வந்துடுச்சு. “அக்கா, கட்டைவிரலை உள்ள விட்டு, மத்த விரலால மேல பூட்டுக்கா.”

“அப்படிப் பிடிச்சா வலியில உயிர் போகும்டி.”

“போனா போகுது, பிடிக்கா!”

அப்போ பவளக்கொடி குழாயடிக்கு ஓடினா. சோப்புப் போட்டு, தேய் தேய்னு தேய்ச்சுக் கழுவினா, ஈரம் போகத் துடைச்சா, சாக்பொடி பூசினா. இந்தத் தடவை பவுடரைத் தவமணி பூசிவிட்டா.

கட்டைவிரல் உள்ள. விரல்கள் மேல. இறுக்கு!

கம்பி ஏறுச்சு. முழங்கால்... தொடை... நிமிர்ந்தே நின்னுட்டா! ஆனா நடுவர் கை இறங்குற வரைக்கும் விடக்கூடாது. கட்டைவிரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, கண்ணுல தண்ணி கொட்டுது. விடலையே அவ!

“ம்...”

கை இறங்குச்சு. தொப்புன்னு போடல, மெதுவா வச்சா. மூணு விளக்கும் வெள்ளை, தூக்கினது செல்லும்னு அர்த்தம்! நேரா சிங்காரவேலுகிட்ட போய், கன்னிப்போன கையை நீட்டினா.

“ஜிம் சாவி.”

“அதான் அந்த நேரம் உங்களுக்கேன்னு சொல்லிட்டேனேம்மா, சாவி எதுக்கு?”

“நாங்களே திறந்துக்கிறோம்.”

வேற வழியில்லாம சாவியை அவ கையில வச்சாரு. அவ விரலை மூடிக்கிட்டா. அந்தப் பிடியை யாரு பிரிக்கிறது?

அவ்வளவுதான் கதை. கண்ணை மூடிக்கோ, என் கையை வேணா பிடிச்சுக்கோ.