தண்ணி வளைவு

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளி மடத்துக்கு வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள், மனசு அடங்குவதைப் பற்றிக் கேட்பார்கள். நாச்சிமுத்து மட்டும் கார் இஞ்சினைப் பற்றிக் கேட்பார்.

அமாவாசை தவறாமல் வருகிற பழைய சீடர் அவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கடந்த ஒரு வருஷமாக வாயைத் திறந்தால் ரேடியேட்டர்தான். அவர் ஆரம்பித்தால் மற்ற சீடர்கள் ஒவ்வொருவராக எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்கள். அமாவாசையன்று அந்த மடத்தில் பாத்திரமெல்லாம் பளபளவென்றிருக்கும்.

மடத்தை நடத்தி வந்தவர் ஒரு பெண்மணி. நாச்சிமுத்துவை விடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் ஊரோடு சேர்ந்து நாச்சிமுத்துவும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு அம்மாவுக்கு அலுப்பு. விடிந்ததிலிருந்து ஒருவர் மருமகளைச் சொல்லி அழுதுவிட்டுப் போயிருந்தார், இன்னொருவர் வற்றிப்போன போர்வெல்லைச் சொல்லி. முட்டி வேறு வீங்கியிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவும் நாமக்கல்லிலிருந்து பஸ் மாறி வந்த அலுப்பில் எதிரே சுவரில் சாய்ந்தார். கார் இஞ்சினைப் பற்றிக் கேட்கப் பஸ்ஸில் வந்திருக்கிறோமே என்று அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"சொல்லுங்க" என்றார் அம்மா.

விஷயம் இதுதான். கார் நாமக்கல்லில் ஒரு பட்டறையில், இஞ்சின் கழற்றிய நிலையில் நிற்கிறது. ஒரு மெக்கானிக், இதே இஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, பெரிய ரேடியேட்டராக வைத்துத் தருகிறேன், செலவு கைக்கு அடக்கமாக முடிந்துவிடும் என்கிறார். இன்னொருவர், இந்த இரும்பைத் தூக்கி எடைக்குப் போடுங்கள், ஜப்பான் டீசல் இஞ்சின் வைத்துவிடலாம் என்கிறார். அதை வைத்தால் கியர்பாக்ஸ் தாங்காது. கியர்பாக்ஸை மாற்றினால் ஆக்சில் தாங்காது. எல்லாம் மாற்றினால் பிரேக்கையும் மாற்றாமல் முடியாது. அவ்வளவுக்கும் கிணற்றோடு இருக்கிற கிழக்குக் காட்டு நிலத்தை விற்றாக வேண்டும். வீட்டில் மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை.

"எது வரைக்கும் செலவு பண்ணலாம்னு நீங்கதான் சொல்லோணுங்கம்மா."

"எதுக்கு இவ்வளவு?"

"மலையேறோணுங்க. எங்கயும் நிக்காம, ஒரே மூச்சுல."

ஏன் என்று அம்மா கேட்கவில்லை. மடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது.

கார் அவருடைய அப்பா வாங்கியது. கரும்பச்சை நிறம், பழைய காலத்து வளைவான முகப்பு. அப்பா போன பிறகு அது யாருக்கு என்று அண்ணன் வையாபுரிக்கும் தம்பி நாச்சிமுத்துவுக்கும் பேச்சு தடித்தது. நிலத்தைப் பங்கு போட்டபோது வராத சண்டை காரில் வந்தது. கடைசியில் அண்ணன் சாவியை முற்றத்தில் விட்டெறிந்து, "நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலையில் இருந்த காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். நாச்சிமுத்து குனிந்து சாவியைப் பொறுக்கிக்கொண்டார். அத்தோடு பதினோரு வருஷம் பேச்சு அற்றுப்போயிற்று. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார் மினுக்கிக்கொண்டு போகும். மலைப்பக்கம் மட்டும் திரும்பவில்லை.

போன கார்த்திகையில் அண்ணி போன் செய்தார். அண்ணனுக்கு முடியவில்லை, தம்பியைக் கேட்கிறார் என்றார். நாச்சிமுத்து அந்த நிமிஷமே காரை எடுத்தார். பாதி மலையில், தண்ணி வளைவு என்கிற இடத்தில், பானெட்டிலிருந்து ஆவி பறந்து கார் நின்றுவிட்டது. சூடு தணியும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மேலே போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குத் தாடைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டிச் சத்தம் கேக்குதா, வண்டிச் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு தம்பி. இப்பத்தான்" என்றார் அண்ணி.

காரியம் முடிந்து இறங்கிய மறுநாளே நாச்சிமுத்து காரைப் பட்டறையில் விட்டார். அதன்பிறகு மலையேறவே இல்லை. அண்ணி தனியாகத்தான் இருக்கிறார். காப்பி பறிக்க ஆள் கிடைக்கவில்லை, ஒரு தடவை வந்து போங்கள் என்று இறங்கி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது அண்ணனுக்கு வருஷ நாளும் நெருங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நாச்சிமுத்து ஒரே பதிலைத்தான் சொல்லியனுப்பினார்: வண்டி தயாராகட்டும், வந்துவிடுகிறேன். அன்றைக்கு இஞ்சின் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால் அண்ணன் முகத்தைப் பார்த்திருப்போம் என்று அவர் உறுதியாக நம்பினார். நம்பி நம்பியே மனுஷன் ஓய்ந்துபோயிருந்தார்.

அம்மா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குடையை எடுத்தார்.

"வாங்க. பஸ் வர்ற நேரந்தான்."

"எங்கீங்கம்மா?"

"மேல."

முட்டி வலியோடு எதற்கு என்று நாச்சிமுத்து தடுத்துப் பார்த்தார். அம்மா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். வேறு வழியில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மலை பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. வளைவுக்கு வளைவு பஸ் முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு முனகலுக்கும் நாச்சிமுத்துவின் கால் தன்னால் தரையை அழுத்தியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, அவ்வப்போது முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

தண்ணி வளைவில் பஸ் நின்றது.

நாச்சிமுத்து இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். டிரைவரோ சாவகாசமாக இறங்கிப் பானெட்டைத் திறந்தார். பாறையிலிருந்து விழுகிற தண்ணீரை யாரோ மூங்கில் வைத்துத் திருப்பிவிட்டிருந்தார்கள். அதில் குடத்தைப் பிடித்து வந்து ஊற்றினார். பஸ்ஸில் இருந்தவர்கள் முகம் கழுவினார்கள், கொய்யாப்பழம் வாங்கினார்கள். மேலே போகிற ஒரு லாரி வந்து பின்னால் நின்றது. அன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து வந்ததுபோல இருந்த ஒரு ஜீப்பும் வந்து நின்றது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எல்லா வண்டியும் இங்க நிக்குமாட்ட இருக்குது" என்றார் அம்மா.

"ஆமாங்க. அப்பா காலத்துலயும் நிக்குமுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இதே கார், இதே இடம். அப்பா பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணன் செம்பில் தண்ணீர் பிடித்து வருவான். ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறக்கிற வேலை சின்னவனுக்கு. ஆவி சீறும்போது அண்ணன் இவரைப் பின்னால் இழுத்துக்கொள்வான். அந்தக் கை சட்டைக் காலரைப் பிடித்தது இப்போதும் கழுத்தில் இருப்பதுபோல் இருந்தது. போன தடவை இங்கே நின்றபோது இதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. காரை எட்டி உதைத்ததுதான் ஞாபகம்.

இருவரும் தண்ணீருக்குப் பக்கத்தில் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார்கள்.

"அன்னைக்கு எங்க நின்னீங்க?"

"இதே இடத்துலதானுங்க."

"எவ்வளவு நேரம்?"

"முக்கா மணி நேரம் இருக்குமுங்க."

"அதுக்கு முந்தி வண்டி எங்க நின்னுச்சு?"

"எங்கயும் நிக்கலைங்கம்மா. போன் வந்ததும் எடுத்தவன், நேரா வந்தேன். அடிவாரத்துல டீ கூடக் குடிக்கலைங்க."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி வீட்லதானுங்க. ஷெட்டுல."

"எத்தனை நாளு?"

நாச்சிமுத்து விரலை மடித்து வருஷங்களை எண்ண ஆரம்பித்தார். பத்து விரலும் தீர்ந்துபோயிற்று. எழுந்துபோய் முகத்தைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றார்.

டிரைவர் பானெட்டை அடித்து மூடினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். அதே நேரம் மேலேயிருந்து கீழே போகிற பஸ்ஸும் வந்து வளைவில் நின்றது.

"நான் இதுல கீழ இறங்கிக்கறேன். இதுக்கு மேல கால் தாங்காது" என்றார் அம்மா. "உங்கண்ணி வீட்டு வாசல்லயே பஸ் நிக்குமா?"

"பக்கத்துலதாங்க நிக்கும். ஆனா, வண்டியோட வர்றேன்னு சொல்லியிருந்தேனுங்க."

அம்மா குடையை ஊன்றி ரோட்டைக் கடந்தார். நாச்சிமுத்து இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் நின்றார். கீழே போனால் இன்னும் ஒரு தடவை சொல்லியனுப்ப வேண்டும். அதை நினைத்தபோதே சலிப்பாக இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேலே போகிற பஸ்ஸின் படியில் ஏறினார். அம்மா வாங்கியிருந்த டிக்கெட் இந்த வளைவு வரைக்கும்தான்; கண்டக்டர் எங்கே போகணும் என்றார். அண்ணி இருக்கிற ஊரின் பேரைச் சொல்லி டிக்கெட் வாங்கினார். அந்தப் பேரை அவர் வாயால் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

பஸ் கிளம்புகிற நேரம் பழக்கம் விடவில்லை. படியிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏனுங்கம்மா, அப்ப அந்த இஞ்சினுக்கு எவ்வளவுதான் செலவு பண்றது?"

எதிர்ப் பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். முகத்தில் அலுப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"முக்கா மணி நேரத்துக்கு என்ன ஆகுமோ, அதைப் பண்ணுங்க. மீதி இஞ்சின் கணக்குல வராது."

பஸ் அடுத்த வளைவில் திரும்பும்வரை நாச்சிமுத்து படியிலேயே நின்றிருந்தார்.