ஐப்பசிக்கு ஏற்ற அலங்காரம்

என் குருவுக்கு என்னைவிடப் பதினாலு வயசு குறைவு. பெயர் தங்கபுஷ்பம். பாளையங்கோட்டையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். நாற்பத்தாறு வயதில் அவள் முன்னால் போய், "எனக்கும் தொழில் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று நின்றேன். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை ஜெசிந்தாக்கா என்பாள். இதில் எங்கள் இரண்டு பேருக்கும் கூச்சமில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். ஒரு பெரிய ஜவுளிக்கடையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்க்கும் நாற்பது பெண்களுக்கு, மழைக்குத் தோதாகச் சட்டென்று போட்டுக்கொள்ளும் தலையலங்காரமும், அதற்குப் பொருந்துகிற மாதிரி புடவை கட்டவும் சொல்லித்தர வேண்டும். தீபாவளி வரை யூனிஃபார்ம் கிடையாது, சொந்தப் புடவைதானாம்.

ஆட்டோவில் போகும்போது கேட்டேன்.

"டீச்சர், இந்த மாசத்துக்கு இருக்கதுலயே லேசான அலங்காரம் எது?"

"கடையில வச்சுச் சொல்லுதேன்."

கடை மாடியில் சாப்பாட்டு அறை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஈரத்தோட இறுக்கிப் பின்னாதீங்க, நாத்தம் எடுக்கும்" என்றாள் டீச்சர். "நல்லாத் துவட்டிட்டு, கழுத்துக்கு மேல ஒரே சுத்து. ரெண்டு ஊசி போதும். ஜடையைத் தொங்கவிட்டா, சொட்டுற தண்ணி விரிச்சுப் போட்ட பட்டுல விழும். ஏச்சு யாருக்கு விழும்?"

"எங்களுக்குத்தான்!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்பம் கொண்டை. புடவை அடர் நிறமா எடுங்க, சேறு தெரியாது. கரண்டைக்காலுக்கு மேல தூக்கிக் கட்டுங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கணும்லா."

நாங்கள் இரண்டு பேருமாகக் கொண்டை போட்டுக்கொண்டே வந்தோம். கடைசி பெஞ்சில் ஒருத்தி முந்தானையைத் தலையில் போர்த்தியிருந்தாள். விலக்கினேன். மொட்டை. சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

பெயர் செல்லக்கனி. பட்டு செக்ஷனில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவள். மகளுக்கு டெங்கு வந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தது. பிள்ளை பிழைத்தால் முடி தருகிறேன் என்று திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். பிள்ளை பிழைத்தது. கொடுத்துவிட்டாள்.

அதற்குள் மேனேஜர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்துவிட்டார்.

"விக்கு வாங்கி வச்சிருக்கேன், மாட்டிவிடுங்க. தீவாளிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வாரவங்க முன்னால மொட்டைத் தலையோட ஒரு பொம்பள நின்னா மங்கலமாவா இருக்கும்? மாட்டலைன்னா குடோன்ல போய்ப் பண்டல் தூக்கட்டும். பட்டு செக்ஷனுக்கு வேற ஆள் போட்டாச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

செல்லக்கனி என் கையைப் பிடித்தாள். "மாட்டிவிடுங்கக்கா. அந்த எடத்த விட்டா எனக்குத் திரும்பக் கிடைக்காது."

நானும் மாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சந்தனத்தைத் துடைத்து, விக்கை இழுத்து வைத்து, வகிடு எடுத்து, கொண்டையும் போட்டேன். அச்சு அசலாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

"இது யாரு முடிக்கா?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"ஒரிஜினல் முடியாக்கும்!" என்றேன். "நைலான்னு நெனச்சியா? கோயில்கள்ல காணிக்கையாக் குடுத்த முடியை ஏலத்துல எடுத்துச் செய்யது."

அவள் முகம் செத்துப்போயிற்று. இரண்டு கையாலும் விக்கைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"எவளோ ஒருத்தி, பிள்ளைக்கு நேந்து சாமிக்குக் குடுத்ததையா என் தலையில வைக்கீங்க? நான் குடோனுக்கே போறேன்."

டீச்சர் என் மடியிலிருந்த விக்கை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். மேனேஜரும் ஓடிவந்தார்.

கீழே கடை திறந்தாயிற்று. கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. வாசலுக்கு நேராக முதலாளி உட்கார்ந்திருந்தார். புரட்டாசியில் திருப்பதி போய் வந்தவர். அவர் தலையும் மொட்டை! சந்தனம்கூட மணக்க மணக்கப் பூசியிருந்தார். வருகிறவர்களெல்லாம் "தரிசனம் நல்லபடியா ஆச்சா அண்ணாச்சி?" என்று கும்பிட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவர் தலை பக்தி, அவள் தலை அமங்கலமா?

டீச்சர் விக்கை அவர் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் குனியுங்க. அளவு பாக்கணும்."

"என்னம்மா இது?"

"விக்கு. சாமிக்கு மொட்டை போட்டவங்க தீவாளி வியாபாரத்துல நிக்கக் கூடாதாம். மேனேஜர் சொல்லுதாரு. உள்ள வாரவங்க கண்ணுல முதல்ல படுறது நீங்கதான? அதான் உங்கள்ல இருந்தே ஆரம்பிக்கேன்."

புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். மேனேஜர் குறுக்கே பாய்ந்தார்.

"ஏம்மா, ஆம்பள மொட்டையும் பொம்பள மொட்டையும் ஒண்ணா?"

"வாங்கிக்கிட்ட சாமி அப்படிப் பிரிச்சுப் பாக்கலையே" என்றாள் டீச்சர்.

முதலாளியின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"மொட்டை போட்ட அந்தப் பொம்பள எந்த செக்ஷன்?"

"பட்டு" என்றார் மேனேஜர்.

"அங்கயே நிக்கட்டும்."

மேசையில் சாமி படத்துக்கு முன்னால் சந்தனக் கிண்ணம் இருந்தது. டீச்சர் அதைக் கையில் எடுத்தாள். "கொஞ்சம் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள். அவர் தலையாட்டினார்.

மாடியில் செல்லக்கனி அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கரும்பச்சைப் புடவை அவளுக்கு. டீச்சர் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்து, மடிப்பு வைத்துத் தோளில் குத்தினாள். நான் துடைத்த இடத்தில் புதுச் சந்தனத்தை உள்ளங்கையால் பூசினாள். அவ்வளவுதான். செல்லக்கனி கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் பட்டு செக்ஷனுக்கு இறங்கிப் போனாள்.

"ஆட்டோவுல ஒண்ணு கேட்டீங்கல்லா ஜெசிந்தாக்கா?"

"ஆமா டீச்சர். இருக்கதுலயே லேசான அலங்காரம்."

"பாத்துக்கிட்டீங்கள்லா."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் ஏறும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"டீச்சர், விக்கை முதலாளி மேசையிலயே விட்டுட்டு வந்துட்டோமே! போய் எடுத்து மேனேஜர் கையில குடுத்துட்டு வரட்டா?"

"அங்கயே கெடக்கட்டும்க்கா" என்றாள். "யாருக்கு வெக்கமா இருக்கோ, அவங்க மாட்டிக்கிடட்டும்."