ஆவுடையப்பன் விட்ட பாதி

“நான் குறையுதேன். அவ கூடுதா. இது எப்படிம்மா?”

உட்காருவதற்கு முன்பே ஆவுடையப்பன் கேட்டுவிட்டார்.

மலையடிவாரத்து மடத்தில் உலகம்மை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஆவுடையப்பனுக்கு அவர்தான் குரு. சனிக்கிழமையானால் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

அம்மா தலை நிமிராமல், யார் கூடுகிறது என்று கேட்டார்.

“வீட்ல. கோமதி.”

கோமதிக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா. ஆவுடையப்பன் சும்மா இருக்கிற ஆளா? அன்றைக்கே களத்தில் இறங்கிவிட்டார். வடையும் பஜ்ஜியும் வீட்டை விட்டுப் போயின. நெய் ஜாடி எதிர்வீட்டுக்குப் போனது. சாயங்காலமானால் கோமதியைக் கூட்டிக்கொண்டு கோயிலின் நாலு வெளிவீதியும் நடந்தார். மதியம் அவளுக்கு ஒரு கரண்டிச் சோறு, ராத்திரிக்கு ஓட்ஸ் கஞ்சி. மாத்திரையும் தவறவில்லை.

அவள் மட்டும் வாயைக் கட்டினால் மனசு வாடிப்போவாளே என்று தானும் துணைக்குக் கட்டினார். எந்த வேளையும் தட்டில் விழுந்ததில் பாதிதான் சாப்பிடுவது, மீதியை விட்டுவிட்டு எழுந்துவிடுவது. கோமதி சுடும் தோசைக்கு முன்னால் அது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் ஒரு நாளும் அவர் தவறவில்லை. சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது.

நேற்று மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கோமதியின் கொழுப்பு முன்னைவிட ஏறியிருந்தது. எடையும்தான்.

“ஒளிச்சு வச்சுத் திங்காளோன்னு டப்பாவையெல்லாம் மோந்து பார்த்துட்டேம்மா. ஒண்ணும் இல்லை. அவளும் அழுதா. நான் போட்டுக்கிடுதது அவ்வளவுதான்னு சத்தியம் பண்ணுதா. கோமதி பொய் சொல்ல மாட்டா.”

கோமதியின் அக்காவுக்கும் இதே கொழுப்புதான். ஒரு காலையில் கோலம் போடக் குனிந்தவள் நிமிரவே இல்லை. அதிலிருந்து கோமதி வாசலுக்குக் கோலம் போடப் போனால் ஆவுடையப்பன் ஜன்னலோரமாய் வந்து நின்றுகொள்வார். பயம். அதை அவளிடம் சொன்னதில்லை.

அம்மா ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

“நீ விட்ட பாதி எங்க போச்சு?”

ஆவுடையப்பன் காத்திருந்தார். அம்மா அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார்.

அந்த வாரம் கடையில் வியாபாரம் நடந்த லட்சணத்தைச் சொல்லாமல் விடுவதே நல்லது. குத்துவிளக்கு கேட்டவருக்குக் குடத்தை எடுத்து நீட்டினார். அம்மா வாயிலிருந்து வந்துவிட்டால் ஆவுடையப்பனுக்கு எதுவும் வேதாந்தம்தான். விட்டது எங்கே போகும்? விட்டவன் யார்? உண்மையிலேயே விட்டானா? பிடித்துக்கொண்டால் விடுகிற மனுஷன் இல்லை அவர்.

அடுத்த சனிக்கிழமை முகமெல்லாம் வெளிச்சமாக வந்து நின்றார்.

“மனசுக்குள்ள போச்சும்மா. கை விட்டுச்சு, மனசு விடலை.”

அம்மா இல்லை என்று தலையாட்டினார்.

“அப்போ பஞ்சபூதத்தில கலந்துட்டு.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசிக்கிறது, முதலில் சாப்பிடலாம் என்று எழுந்தார்.

மடத்துச் சாப்பாடு எளிமையானது. சோறு, கீரை, புளிக்குழம்பு, ஒரு அப்பளம். ஆவுடையப்பனுக்குப் பக்கத்து இலையில் அம்மா உட்கார்ந்தார். சீக்கிரமே சாப்பிட்டு முடித்து இலையை மூடினார். ஆவுடையப்பன் வழக்கம்போல் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு இலையை மடிக்கப் போனார்.

அம்மா அந்த இலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். குழம்பில் பிசைந்து ஒதுக்கிய சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

பந்தியில் இருந்தவர்கள் கையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். சிஷ்யன் விட்ட எச்சிலைக் குரு தின்பதை யாராவது கண்டதுண்டா? ஆவுடையப்பன் இலையைப் பிடுங்கக் கை நீட்டினார்.

“அம்மா, வேண்டாம்மா. அது நான் தின்ன இலை.”

“நல்ல சோறுல்லா? கொட்ட மனசு வரலை.”

“இப்பதானம்மா சாப்பிட்டீங்க.”

“ஆமா. வயிறு நிறைஞ்சுதான் இருக்கு.”

சொல்லிவிட்டு அம்மா அடுத்த கவளத்தை எடுத்தார்.

கொட்ட மனசு வரலை. ஆவுடையப்பன் இதை எங்கேயோ கேட்டிருக்கிறார். வெளியே எங்கும் இல்லை, அவர் வீட்டில்தான். கையைக் கழுவிவிட்டு டிவியில் செய்தி பார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் அடுக்களையில் யாரோ முணுமுணுக்கிற சொல் அது. திரும்பிப் பார்த்ததுதான் இல்லை.

அவர் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லவும் மறந்து பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்று ராத்திரியும் அவருக்குத் தோசைதான். கோமதி கஞ்சியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஆவுடையப்பன் பாதியைத் தின்று பாதியை விட்டு எழுந்தார். கை கழுவினார். டிவியைப் போட்டார். ஆனால் எதிரே உட்காரவில்லை, மெல்லத் திரும்பி வந்து அடுக்களை வாசலில் நின்றார்.

கோமதி அவருடைய தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். புருஷன் சாப்பிட்ட தட்டில் சாப்பிடுவது அவள் அம்மா வீட்டு வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். முன்பெல்லாம் அதில் ஒரு பருக்கைகூட மிஞ்சியிருக்காது. இப்போது ஒன்றரை தோசையும் சட்னியும் இருந்தன. அவள் தோசையைப் பிய்த்தாள்.

“என்ன கோமதி சாப்பிடுதே?”

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கள்ளமே இல்லை.

“நான் எங்க சாப்பிடுதேன்? அப்பவே கஞ்சி குடிச்சாச்சே. இது நீங்க விட்டது.”

துணைக்கு வாயைக் கட்டினேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியதை நினைக்க நினைக்க ஆவுடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்தார். நாளையிலிருந்து தனக்கு இரண்டு தோசை சுட்டால் போதும், அவளும் தனித்தட்டில் போட்டுக்கொண்டு கூடவே உட்கார வேண்டும் என்றார். பிறகு மிச்சமிருந்த தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார்.

கோமதிக்கு ஒன்றும் புரியவில்லை.

“கொழுப்பைக் குறைக்கணும்னு சொன்னீங்களே?”

“அதுக்குத்தான் சாப்பிடுதேன்,” என்றார் ஆவுடையப்பன்.