கத்தி படாத மீன்

கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர் கூடி மீன் பிடிக்கும் நாள் அது. வலை வீசாமல், கூடை கவிழ்க்காமல், தானாகக் கைக்கு வருகிற முதல் மீன் அய்யனாருக்கு. கல்யாணமாகியும் வயிறு திறக்காத ஒருத்தி அதைத் தின்றால் பிள்ளை நிற்கும் என்பது ஊர் முறை. ஆனால் மீனில் கத்தி படக் கூடாது. முழுசாக வைக்கோலில் சுற்றிச் சுட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒரு கட்டு வைக்கோல் எரிந்து அணைவதற்குள் என்ன வெந்துவிடும்? தோல் கருகும், குடல் பச்சையாகவே கிடக்கும். இருந்தாலும் சாமி காரியத்தில் அடுப்படிக் கணக்கு பார்க்க முடியுமா?

மீனைச் சுடுவது சீனியம்மாவின் வேலை. கரைமேல் குடிசை போட்டிருக்கும் சாமியார் கரைச்சாமிக்கு அவள் ஒருத்திதான் சீடப்பிள்ளை. பிள்ளை என்றால் வயதில் இல்லை. சாமியைவிட அவள்தான் மூத்தவள். புருஷன் போன பிறகு ஞானம் தேடி வந்தாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வருஷம் மீன் தின்னப் போகிறவள் அவள் மகள் பூமயில். மாமியார்க்காரி அங்காயி கூடவே வந்திருந்தாள். மகனுக்கு வேறு பெண் பார்த்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

கைக்கு வந்தது ஒரு கெண்டை, வயிறு புடைத்த கெண்டை.

“சினை மீனுடி! பூமயிலுக்கு அடிச்சது யோகம்!” என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

சீனியம்மா மீனைத் தாம்பாளத்தில் வாங்கிக்கொண்டு குடிசைக்குப் பின்னால் போனாள். பூமயிலுக்குக் கசப்பு ஆகாது. மீன் பித்தம் நாக்கில் பட்டால் குடலே வெளியே வந்துவிடும். போன வருஷம் ஒச்சம்மாவின் மகள் செவ்வந்தி அப்படித்தான் தின்ற மீனைக் கக்கினாள். அய்யனார் கொடுத்ததைக் கக்கியவள் என்று அன்றைக்கே அவளைத் தாய் வீட்டுக்கு விரட்டிவிட்டார்கள். ஆவணியில் கிணற்றில் மிதந்தாள்.

பித்தப்பையை மட்டும் எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? சீனியம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்து வந்த சின்னக் கத்தியால் மீனின் வயிற்றைக் கீறினாள்.

சினை இல்லை. பாவாடை நாடா போல வெள்ளையாக, தட்டையாக, சுருண்டு சுருண்டு புழு. குடலை ஒரு ஓரமாக நெருக்கித் தள்ளிவிட்டு வயிறு முழுக்க அதுதான் கிடந்தது. நெளிந்தது.

தாம்பாளத்தோடு உள்ளே ஓடினாள். சாமி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, இதைப் பாருங்க.”

பார்த்தார். “ம்.”

“என்ன சாமி ம்? இம்புட்டுக் கண்மாயில இந்த மீன்தானா மொதல்ல வரணும்?”

“இதுதான் வரும்.”

“ஏன்?”

“வயித்துல அதை வெச்சுக்கிட்டு எந்த மீன் அடியில இறங்கும்? நல்ல மீன் சேத்துக்குள்ள முங்கிரும். மேல மிதக்கிறதுதான் கைக்கு வரும்.”

சீனியம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப வருஷா வருஷம் பொண்ணுங்க தின்னது?”

சாமி அடுத்த கட்டையை எடுத்தார்.

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?”

“ஒவ்வொரு வருஷமும் வைக்கோலுக்குப் பக்கத்துல அரிவாள்மனையை எடுத்து வெச்சது யாருன்னு நெனச்ச, ஆத்தா?”

“மறதியா வெச்சுட்டீங்கன்னு நான் எடுத்து உள்ள வெச்சேன். வாயத் தெறந்து சொல்றதுதானே? முத்தா உதிர்ந்துரும்?”

“சொன்னா அறுத்திருப்பியா?”

“ஊர் முறைய மீறி நான் எப்படி…”

“இன்னைக்கு மீறிட்டியே.”

“இது என் மக, சாமி.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சாமி அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெளியே கொட்டுச் சத்தம் நெருங்கியது. “மதினி, எம்புட்டு நேரம்? சுடுறீங்களா, மீனுக்குத் தாலாட்டுப் பாடுறீங்களா?” என்றது அங்காயியின் குரல்.

“இந்தா, ஆச்சு!” என்று கத்திவிட்டு சீனியம்மா மூலையில் இருந்த அண்டாவைப் பார்த்தாள். குடிசைக்கென்று ஊரார் கொடுத்த மீன்கள், சேற்றிலிருந்து வலை போட்டு எடுத்தவை. ஒரு கெண்டையைத் தூக்கி அமுக்கிப் பார்த்தாள். ஒட்டிய வயிறு. கிட்டத்தட்ட அதே அளவு.

“சாமி, இதைச் சுத்தம் பண்ணி, உள்ளயே நல்லா வேக வெச்சு, மேல வைக்கோல் கரியைப் பூசிக் கொடுத்துரவா? ஒருத்தருக்கும் தெரியாது.”

“கொடு. உன் மக பொழச்சுக்குவா.”

சீனியம்மாவுக்கு உயிர் வந்தது. அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒச்சம்மாவுக்கு இன்னொரு மக இருக்கா,” என்றார் சாமி. “கல்யாணம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. அடுத்த வருஷம் மீன் தின்னப் போறது அவதான்.”

அரிவாள்மனையின் மேல் கை நின்றது.

கீறிய மீன் தாம்பாளத்தில் திறந்தபடி கிடந்தது. நாடா ஒன்று விளிம்பைத் தாண்டித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சீனியம்மா நல்ல மீனை அண்டாவிலேயே போட்டாள். எழுந்து கையை முந்தானையில் துடைத்தாள். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். அங்காயியின் வெற்றிலைச் சிவப்பு வாய் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் புதுச் சேலையில் பூமயில் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

“சாமி,” என்றாள் சீனியம்மா. “இதை இப்படியே கொண்டுபோய்க் காட்டினா, கத்தி வெச்சுட்டேன்னு இன்னைக்கே அவளை விரட்டிருவாங்க. எம் புள்ள கதி என்ன?”

சாமி விறகைக் கீழே வைத்தார்.

“செவ்வந்தியை விரட்டின அன்னிக்கு ஒச்சம்மா இதே வாசல்ல நின்னு உன்கிட்ட இதைத்தான் கேட்டா. நீ என்ன சொன்ன?”